டோரீன் தெருவைக் கடந்தாள்

எங்கள் தெருவில் மேற்குப் பக்கத்து இலைகளுக்குத்தான் அரசாங்கம் உண்டு. கிழக்குப் பக்கத்து இலைகள் அநாதை.

ட்ரெஸ்லர் சாலையின் நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேற்கே கெல்லர் பார்க் நகரம். அவர்களுக்கு மேயர் உண்டு, நகராட்சி உண்டு, நடைபாதை உண்டு. நவம்பரில் வாசலோரம் குவித்து வைத்த இலைகளை உறிஞ்சிக்கொண்டு போக ஒரு பெரிய வண்டியும் உண்டு. கோட்டுக்குக் கிழக்கே நாங்கள், ஹார்ன்பெக். எங்களுக்கு மேயரும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. ரோட்டில் பள்ளம் விழுந்தால் மாவட்டத்துக் கவுன்ட்டி ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தபால் முகவரியில்கூட கெல்லர் பார்க் என்றுதான் இருக்கும். வெளியூரில் யாராவது கேட்டால் 'செயின்ட் லூயிஸ் பக்கம்' என்று சொல்லி முடித்துக்கொள்வோம். ஆனால் நாங்கள் நகர வரி கட்டுவதில்லை. வாசலில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்று எங்களிடம் சொல்ல எவனும் வருவதில்லை. அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிற ஜாதி நாங்கள்.

இலைகளுக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். வண்டி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் ஓக் மரத்து இலைகளெல்லாம் ரோட்டைத் தாண்டி மேற்குப் பக்கத்து ஓரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டால் காற்று என்போம். காற்றின் கையில் இலைவாரி இருந்ததைத் தெருவே பார்த்திருக்கும்.

அந்த வண்டியை ஓட்டியவன் வெண்டல் பிரிங்க்மன். வண்டி மேற்கத்தியது, ஆள் கிழக்கத்தியவன். என் பக்கத்து வீடு அவனுடையது. ஒரு மரம்கூட இல்லாத மேற்குப் பக்கத்து வீட்டு வாசலில் கூரை உயரத்துக்கு ஓக் இலை குவிந்திருப்பதைப் பார்த்து, "இந்த வருஷம் நல்ல விளைச்சல்" என்பான். குழாயை இறக்கி உறிஞ்சிக்கொண்டு போய்விடுவான். அதற்குமேல் பேச மாட்டான். அந்த வீட்டில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுகிறவள் அவன் மனைவி டோரீன். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

டோரீன் பிறந்ததே அந்த வீட்டில்தான். பீர் ஆலையில் வேலை பார்த்த அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் செங்கலாக அடுக்கிக் கட்டிய வீடு. டோரீன் இரும்புச் சாமான் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். ஆணி வாங்க வந்தவனுக்கு ஆணியோடு அவன் குடும்பத்துக்கான புத்திமதியும் கட்டிக் கொடுப்பாள். அந்தக் கடையில் நான்கூட வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் புருஷனை நான் விட்டதே அவள் சொல்லித்தான், நல்ல வேளை.

நாங்கள் எல்லாம் நாற்பதை எட்டாத வயதில் ஒருமுறை கெல்லர் பார்க் எங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தது. ஓட்டுக்கு விட்டார்கள். டோரீன் கிளம்பினாள். வாசல் வாசலாகப் போய் 'வேண்டாம்' பலகை நட்டாள். லெஸ்டர் ஹோல்ட்மன் என்று ஒருவன், தெருக்கோடி வீட்டுக்காரன். வாசலில் ஒரு படகு நிறுத்தி வைத்திருக்கிறான். அது தண்ணீரைப் பார்த்ததை நாங்கள் பார்த்ததில்லை. தெருவிளக்கு கிடைக்கும் என்று அவன் நகரத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தான். டோரீன் அவன் வாசலில் போய் நின்றாள்.

"ஏய்யா லெஸ்டர், விளக்கு வந்தா உன் படகு பளிச்சுனு தெரியும். தெரிஞ்ச மறுநாளே அபராதம் போடுவான். உனக்கு விளக்கு வேணுமா, படகு வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"நல்லா வரும், உட்கார்ந்திரு. அவங்க வாசல்ல ஒரு சைக்கிள் நிறுத்தினாலே நோட்டீஸ். போய்க் கேட்டுப் பாரு."

லெஸ்டர் மாறினான். மாறியது மட்டுமல்ல, அன்றிலிருந்து எங்களில் அவனைவிடத் தீவிரமான ஆள் கிடையாது. ஓட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தவக்காலத்து மீன் வறுவல் நடந்த மாதா கோயில் கூடத்துக்கு அப்போதைய மேயர் வந்திருந்தார். டோரீன் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "எங்க அப்பா வீடு கட்டும்போது உங்க ஊரு எங்கய்யா இருந்துச்சு? என் பொணம்தான் அந்தக் கோட்டைத் தாண்டும்!" என்றாள். கூடமே கைதட்டியது. கெல்லர் பார்க்கில் சம்பளம் வாங்கும் வெண்டல் மட்டும் தன் தட்டிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஜெயித்தோம்.

அதற்கப்புறம் பல வருஷம் கழித்து டோரீனுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. நரம்பு நோய் என்றார்கள். முதலில் கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி. வெண்டல் வாசல் படிமேல் ஒரு மரச் சாய்தளம் செய்தான். மூன்று துண்டாகச் செய்து, போல்ட் போட்டு முடுக்கி, மழையில் வழுக்காமல் இருக்க மணல் கலந்த பெயின்ட் அடித்தான். அவள் மாதாமாதம் போட்டுக்கொள்ளும் ஊசியின் விலையைக் கேட்டால் நமக்கு ஊசி போட வேண்டியிருக்கும். வெண்டலின் வேலையோடு வந்த இன்சூரன்ஸ்தான் அதைக் கட்டியது. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் ஊசி போகும். ஓய்வு பெற்றுவிட்டால் இன்சூரன்ஸ் அவனோடு தங்கிவிடும். அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அப்போதுதான் கெல்லர் பார்க்குக்கு ஒரு புது நிர்வாகி வந்தார். நகராட்சி ஊழியர்கள் நகர எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்று ஒரு பழைய விதி. அதை யாரும் கண்டுகொண்டதே இல்லை. இந்த மனிதர் தூசி தட்டி எடுத்தார். கோடை முடிவதற்குள் உள்ளே குடிவர வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை.

வெண்டல் வந்து சொன்னபோது நான் டோரீனின் அடுக்களையில் வெண்ணெய் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

"முப்பது அடி," என்றான் வெண்டல். "உங்கப்பா முப்பது அடி தள்ளிக் கட்டியிருந்தா இந்தத் தொல்லையே இல்லை."

"எங்கப்பாவை இழுக்காதே."

"வேலையை விட்டுடறேன்."

"விட்டுட்டு? என் ஊசிக்கு யார் கட்டுவா, லெஸ்டரோட படகா?"

"அப்ப வீட்டை வித்துட்டு அந்தப் பக்கம் போயிடலாம்."

டோரீன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அந்தப் பேச்சை அதோடு விட்டான். அவர்கள் இருக்கிற நிலையில் இன்னொரு வீட்டுக்கு வாடகை கொடுக்கவும் வழியில்லை.

எதிர்வீட்டு செஃபிகா பெகிச்தான் கை கொடுத்தாள். சண்டைக்குத் தப்பி போஸ்னியாவிலிருந்து வந்து, புருஷனும் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவள். மேற்குப் பக்கம், டோரீனின் ஜன்னலுக்கு நேர் எதிரே. மாடி அறையைச் சும்மாவே தருகிறேன் என்றாள். வெண்டல் ஒப்புக்கொள்ளாமல், அவள் வீட்டுப் பழுதெல்லாம் தான் பார்ப்பதாகச் சொல்லிக் குடிபோனான். நகராட்சியிலிருந்து ஒருவன் வந்து கட்டிலைப் பார்த்தான், அலமாரியில் சட்டை இருக்கிறதா என்று பார்த்தான். பல் தேய்க்கிற பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டும் பார்த்தானாம். மறுபடி எந்த ராத்திரி வந்து நிற்பான் என்றும் சொல்ல முடியாது. இப்படியும் ஒரு பிழைப்பு.

அன்றிலிருந்து சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும், டோரீனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, வெண்டல் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடப்பான். லெஸ்டர் படகில் உட்கார்ந்தபடி கத்துவான்: "என்ன மாப்ளே, பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?" உள்ளேயிருந்து டோரீனும் விட மாட்டாள்: "அடுத்தவ வீட்ல படுக்கப் போற, போர்வையையாவது ஒழுங்கா மடிச்சு வை!" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வெண்டலும் சிரித்தான். செஃபிகாவின் மாடியில் விளக்கு வெகுநேரம் அணையாமல் இருக்கும். இவனுக்குத் தூக்கம் வரவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

அவர்களுக்குள் ஓர் அடையாளம் இருந்தது. காலையில் டோரீன் எழுந்து தானாக நாற்காலிக்கு மாறி, அடுக்களை ஜன்னல் திரையை விலக்குவாள். திரை விலகினால் அவள் நன்றாக இருக்கிறாள். அதைப் பார்த்த பிறகே வெண்டல் மாடியிலிருந்து இறங்குவான். பார்த்துப் பார்த்து எனக்கும் அது பழக்கமாகிவிட்டது. காப்பிக் கோப்பையோடு முதலில் அந்தத் திரையைத்தான் பார்ப்பேன்.

அக்டோபரில் ஒரு காலை திரை விலகவில்லை.

நான் கோப்பையை வைப்பதற்குள் வெண்டல் வெறுங்காலோடு ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தான். டோரீன் குளியலறைத் தரையில் கிடந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் உடம்பு சில்லிட்டிருந்தது. வெண்டலைக் கண்டதும் அவள் வழக்கம்போலத் திட்டவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டோரீன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரவில் அவளைத் தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். நாங்கள் முறை வைத்துப் போய்ப் படுத்தோம். ஒரு வாரம் ஆயிற்று.

"ரோண்டா, உன்மேல கோவம் இல்லடி," என்றாள் டோரீன் என்னிடம். "நீ குறட்டை விடுறே, அது வேற விஷயம். ஆனா எனக்கு வாட்ச்மேன் வேணாம். என் புருஷன் வேணும். கட்டின நாள்லேர்ந்து அவன் முதுகைப் பார்த்துத்தான் தூங்கியிருக்கேன். இப்ப ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கேன்."

போர்வையைச் சரிசெய்தேன்.

பிறகு அவளே ஒரு வழி விசாரித்தாள். எங்கள் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கேட்டால், ஓட்டு இல்லாமலே கெல்லர் பார்க் எங்கள் வரிசையைச் சேர்த்துக்கொள்ளும். ஒருத்தர் விடாமல் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வரிசையே நகரத்துக்குள் வந்துவிட்டால், வெண்டல் தன் வீட்டிலேயே படுக்கலாம்.

"யார் போய்க் கேக்கிறது?" என்றேன்.

"நான்தான். வேற யாரு? நான் போட்ட முடிச்சு."

ஹாலோவீன் அன்று சாயங்காலம் போகலாம் என்றாள். அன்றைக்கு எல்லோரும் வாசலில் இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வந்து பையை நீட்டினால் மட்டும் மிட்டாய் கிடைக்காது. முதலில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். "எலும்புக்கூடு ஏன் டான்சுக்குப் போகலை? ஆட உடம்பில்லை!" அதே ஜோக்கை வருஷா வருஷம் கேட்டு, வருஷா வருஷம் சிரிப்போம். பெரியவர்கள் வந்தாலும் இதுதான் சட்டம். மேயர் இல்லாத ஊரில் எல்லோரும் மதிக்கிற ஒரே சட்டம்.

நான் நாற்காலியைத் தள்ளினேன். முதல் வாசலில், "என்ன டோரீன், நீயும் மிட்டாய்க்கு வந்துட்டியா? ஜோக் சொல்லு!" என்றார்கள்.

"சொல்றேன் கேளு," என்றாள் டோரீன். "ஒருத்தி என் பொணம்தான் கெல்லர் பார்க்குக்குப் போகும்னா. இப்ப அவளே வீடு வீடா வந்து, என்னைக் கெல்லர் பார்க்குல சேர்த்துக்கச் சொல்லுங்கன்னு கையெழுத்துக் கேக்கிறா."

முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் மடியில் இருந்த தாளைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போட்டார்கள். வரி கூடும் என்று தெரியும், நோட்டீஸ் வரும் என்று தெரியும். கோழி வளர்க்கிறவள் கோழிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு போட்டாள். ஒவ்வொரு வாசலிலும் டோரீன் அதே ஜோக்கைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஊரையே கடித்துக் குதறிய வாய் அது.

கடைசியில் லெஸ்டர். படகின் அருகே மடக்கு நாற்காலி போட்டு, மிட்டாய் வாளியோடு உட்கார்ந்திருந்தான். தகவல் அவன் காதுக்கு முன்பே போயிருந்தது. ஜோக் கேட்கவில்லை.

"மாட்டேன் டோரீன்."

"நான் இன்னும் கேக்கவே இல்லை."

"கேக்காதே. இந்தப் படகு என் தம்பியோடது. அவன் போனப்புறம் இதை நான் எங்கயும் நகர்த்தினதில்லை. உள்ளே போனா இதை வாசல்ல வைக்க விட மாட்டான். நீதானே சொன்னே? இதே இடத்துல நின்னு சொன்னே. நான் நம்பினேன். இன்னைக்கும் நம்புறேன். நீ மாறிட்டேங்கிறதுக்காக நானும் மாறணுமா?"

அவனை நாலு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "உனக்கு மனுஷங்களைவிடக் கட்டை பெரிசாப் போச்சா?" என்று கேட்டும் விட்டேன்.

டோரீன் என் கையைத் தட்டினாள். "விடு ரோண்டா. அவன் சொல்றது சரி. நல்லாத்தான் பாடம் நடத்தியிருக்கேன்."

லெஸ்டர் வாளியைக் கவிழ்த்து அவள் மடி நிறைய மிட்டாயைக் கொட்டினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கையெழுத்து குறைந்தால் மற்ற கையெழுத்துகள் செல்லாது.

மறுநாள் செஃபிகா ஒரு தட்டு இறைச்சி அப்பத்தோடு வந்தாள். அவளுக்கு விஷயத்தைச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"கீழ்த்தளத்துல தெருவைப் பார்த்த ரூம் இருக்கு. பெரிய ரூம். ரெண்டு கட்டில் போடலாம். நீ வா."

"அது கெல்லர் பார்க்," என்றாள் டோரீன்.

"ஆமா. நான் நாட்டை விட்டு நாடே வந்தேன், கையில ஒரு பை. நீ ஒரு ரோட்டைத் தாண்டறதுக்கு இவ்வளவு யோசிக்கிறே."

"எங்கப்பா கட்டின வீடு, செஃபிகா."

"வீடு எங்கயும் போகாது. ஜன்னல் வழியாப் பார்த்துக்கோ. இத்தனை நாள் உன் புருஷனை அப்படித்தானே பார்த்தே?"

டோரீன் அவளை முறைத்தாள். கடைசியில், "உன் வீட்டுக்கு அஞ்சு படி இருக்கே," என்றாள் டோரீன். அவ்வளவுதான், சம்மதித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் வெண்டலிடம் சொல்லக்கூடாது என்றாள். சொன்னால், உனக்காக நான் வேலையை விடுகிறேன், எனக்காக நீ வீட்டை விடாதே என்று ஆரம்பிப்பான் என்றாள்.

சனிக்கிழமை வெண்டல் இலை வண்டியோடு கிளம்பிப் போனான். எங்கள் தெருவுக்கு மதியத்துக்கு மேல்தான் வருவான். சாய்தளத்தைக் கழற்றலாம் என்று நானும் கோழிக்காரியும் போய் நின்றால், அங்கே லெஸ்டர் குனிந்து போல்ட் கழற்றிக்கொண்டிருந்தான். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"கையெழுத்துக்கு வராத கை இதுக்கு வந்துடுச்சா?" என்றேன்.

"கையெழுத்து கவர்மென்டுக்கு. இது டோரீனுக்கு. அந்த முனையைத் தூக்கு, பேசாதே."

அண்டை அயலார் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு துண்டும் பிணம் கனம் கனத்தது. லெஸ்டர் முன்முனையில், நாங்கள் பின்னால், மஞ்சள் கோட்டைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனோம். கார்கள் நின்றன. செஃபிகாவின் படிமேல் பொருத்தும்போது மேற்கு வீட்டுக்காரர் ஒருவர் வேலியோரம் வந்து, "இதுக்கு நகராட்சில பர்மிட் வாங்கணுமே?" என்று கேட்டார்.

லெஸ்டர் சுத்தியலை அப்படியே நிறுத்தினான். "கேட்டியா? கேட்டியா ரோண்டா? இதைத்தான் நான் சொன்னேன்!"

"பர்மிட் வாங்கியாச்சு," என்றாள் செஃபிகா. "நீங்க அடிங்க."

பிறகு டோரீன் வந்தாள். மடியில் போர்வை, தலையணை, அவள் அப்பாவின் போட்டோ. நான் தள்ளினேன். ரோட்டின் நடுவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். சக்கரம் கோட்டின்மேல் நின்றது. திரும்பி வீட்டைப் பார்த்தாள். செங்கல், மூடிய கதவு, சாய்தளம் இல்லாமல் மொட்டையாக நின்ற படிகள்.

"பொணமாத்தான் போவேன்னு சொன்னேன்," என்றாள்.

"சொன்னே."

"எவ்வளவு பேசியிருக்கேன்டி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, தள்ளு. காருக்காரன் பார்க்கிறான்."

வெண்டலின் வண்டி தெருமுனையில் திரும்பியபோது டோரீன் மேற்குப் பக்கத்து ஓரத்தில், இலைக் குவியலுக்கு அருகே உட்கார்ந்திருந்தாள். அவன் முதலில் அவளைப் பார்த்தான். பிறகு செஃபிகாவின் வாசலில் தான் செய்த சாய்தளத்தைப் பார்த்தான். பிறகு தெருவைத் தாண்டித் தன் வீட்டு மொட்டைப் படியைப் பார்த்தான். இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினான். கையுறையைக் கழற்றினான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.

"என்னய்யா முழிக்கிறே?" என்றாள் டோரீன். "இலையை எடு. இப்ப நான் கெல்லர் பார்க்."

அவன் அவள் முன்னால் ரோட்டிலேயே மண்டியிட்டு, அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். இலை வண்டிக்குப் பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்ன் அடித்தான். லெஸ்டர் போய் அவன் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு ஹார்ன் அடிக்கவில்லை.

மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்தேன். டோரீனின் அடுக்களைத் திரை மூடியிருந்தது. கோப்பையை வைத்துவிட்டுக் கதவுவரை ஓடிவிட்டேன். கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.

எதிர்ப்பக்கம் செஃபிகாவின் கீழ்த்தளத்துத் திரையும் மூடியிருந்தது. பொழுது நன்றாக ஏறும்வரை நான் அவ்வப்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திறக்கவே இல்லை. இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.